குமுளியிலிருந்து இறங்கி வந்த ரேஸ் சைக்கிள்

கம்பத்தில் ஒரு லேபில் ரத்தம் எடுப்பது என் வேலை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதே லேப், அதே நாற்காலி. ஊரில் பாதிப் பேருடைய சர்க்கரை அளவு எனக்கு மனப்பாடம். மீதிப் பேர் எதிர்த்த தெரு லேபுக்குப் போகிறவர்கள்.

போன வருஷம் வேலை குறைவாக இருந்த ஒரு காலையில் என் ரத்தத்தை நானே எடுத்துச் சோதித்துப் பார்த்தேன். வந்த எண்ணைப் பார்த்ததும் மெஷினில் கோளாறு என்று முடிவு கட்டினேன். மறுநாள் இன்னொரு தரம் பார்த்தேன். மெஷின் தன் பேச்சில் உறுதியாக நின்றது. எங்கள் லேபுக்கு மேல்மாடியில் இருக்கும் டாக்டரிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மாத்திரை அப்புறம் பாப்பம். மொதல்ல நடங்க" என்றார்.

நடந்தேன். பைபாஸ் ரோட்டில், காலை வெயில் ஏறுவதற்கு முன்னால். ஆனால் ரத்தம் எடுக்கிறவள் கம்பத்தில் நடப்பது அத்தனை லேசான காரியம் இல்லை. பத்தடி போவதற்குள் ஒருவர் மறிப்பார்.

"தாயி, ஒரு நிமிசம். சாப்பிட்டதுக்கு அப்புறம் எரநூறு இருக்கே, அது மதியச் சாப்பாட்டுக்கா ராத்திரிச் சாப்பாட்டுக்கா?"

அவரை அனுப்பினால் அடுத்தவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வருவார். "போன வாரம் இங்கன குத்துனீகள்ல, இன்னும் கன்னிப்போயி கெடக்கு பாருங்க." ஒரு அம்மாள் தன் கணவருடைய கொழுப்பு அளவை அவருக்குத் தெரியாமல் தன்னிடம் மட்டும் சொல்லச் சொன்னாள். ஒரு வாரம் பார்த்தேன். நடைப்பயிற்சி என்ற பெயரில் நான் பைபாஸ் ரோட்டில் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

என் கணவர் உரக்கடை வைத்திருக்கிறார். எதற்கும் உடனே ஒரு மருந்து சொல்லிவிடுவது அந்தத் தொழிலில் வந்த பழக்கம். "அப்ப ஓடு" என்றார்.

"நான் ஓடுனா என்ன ஆச்சோன்னு நாலு பேரு பின்னாடியே ஓடி வருவாக."

அவர் யோசித்தார். "சைக்கிள்ல போ."

பக்கத்து வீட்டுப் பெண்ணின் லேடீஸ் சைக்கிளை வாங்கி ஓட்டிப் பார்த்தேன். பள்ளிக்கூட நாளில் ஓட்டியது மறக்கவில்லை. ஆனால் காந்தி சிலை தாண்டுவதற்குள் டீக்கடையில் இருந்து ஒருவர் எழுந்து வந்து, பின்னால் கேரியரைப் பிடித்து நிறுத்தி, கிரியாட்டினின் என்றால் என்ன என்று கேட்டார். அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. எனக்கு வேண்டியது வேகமாகப் போகிற சைக்கிள். அதில் கேரியர் இருக்கக் கூடாது.

அந்தச் சமயத்தில்தான் குமுளிக்காரி வந்தாள். மலை மேல் கேரள எல்லையில் இருக்கும் குமுளியிலிருந்து நிறையப் பேர் இறங்கி வந்து எங்கள் லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு, அப்படியே காய்கறியும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். இவள் என்னைவிட ஏழெட்டு வயது இளையவள், ஒல்லி, குள்ளம். கையை நீட்டினாள். ரப்பர் பட்டையைக் கட்டினேன். முழங்கைக்கு உள்பக்கம் நரம்பு கயிறு போல எழுந்து நின்றது. எத்தனையோ வருஷமாகக் கொழுத்த கைகளில் நரம்பைத் தட்டித் தட்டித் தேடி ஓய்ந்தவளுக்கு அதைப் பார்த்ததும் மனம் நிறைந்துபோயிற்று.

"என்ன வேலை பாக்குறீக?" என்று கேட்டேன்.

"இப்போ கெஸ்ட் ஹவுஸ். மும்பு சைக்கிள் ஓட்டிட்டு இருந்து."

"பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கவா?"

"அல்ல சேச்சி. சம்பளத்துக்கு. வெளிநாட்டில் ஒரு டீமில்."

சைக்கிள் ஓட்டுவதற்குச் சம்பளம் கொடுக்கும் நாடு எது என்ற யோசனையில் ரத்தம் எடுத்து முடித்தும் பட்டையை அவிழ்க்க மறந்துவிட்டேன். அவள் கை நீலம் பாரிக்க ஆரம்பித்தது. "சேச்சி, கெட்டு அழிக்கு" என்றாள். மலையாளத்தில் கட்டை அவிழ் என்று அர்த்தம். எனக்குக் கொஞ்சம் மலையாளம் தெரியும் என்றாலும் அந்த நொடியில் அது நினைவுக்கு வரவில்லை. ஒரு பட்டைக்குப் போய் இப்படிச் சாபம் விடுகிறாளே என்று விழித்தேன். அவளே இடது கையால் பட்டையை அவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். பஞ்சை அழுத்திக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசினாள். அவள் ஓட்டிய ரேஸ் சைக்கிள் வீட்டுக் கூடத்தில் சுவரில் தொங்குகிறதாம். பிள்ளை பிறந்த பிறகு தொடவில்லையாம்.

"விக்கிறதா இருந்தா சொல்லுங்க" என்றேன், ஒரு பேச்சுக்கு.

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "ஓட்டறவங்களுக்கு மாத்திரம்தான் விக்கும். ஒரு ரிசார்ட்காரர் வரவேற்பறையில் மாட்டி வெக்கக் கேட்டார். தரல்ல."

"நான் ஓட்டுவேன்."

நான் நரம்பு தேடும்போது கையைப் பார்ப்பேனே, அதே மாதிரி அவள் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். பிறகு தன் போன் நம்பரைக் கொடுத்தாள்.

கடைக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன். அவர் வேப்பம் புண்ணாக்கு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார்.

"ரேஸ் சைக்கிளா? யாரு கூட ரேசு?"

"யாரு கூடவும் இல்ல. சும்மா போக."

விலையைச் சொன்னேன். அவர் எழுந்து நின்றார். "மோட்டார் எங்கன இருக்கு அதுல?"

"மோட்டார் கெடையாது."

"கெடையாதா," என்றவர் மறுபடி மூட்டை மேல் உட்கார்ந்தார். ஆனால் என் சர்க்கரை எண் அவருக்கும் தெரியும். மறுநாள் காலையில், "வியாழக்கெழம ஏலத்தோட்டத்துக்கு லோடு போகுது. அதுலயே போயி பாத்துட்டு வந்துருவோம்" என்றார்.

அது கடையின் குட்டியானை வண்டி. பின்னால் உர மூட்டைகள், முன்னால் நாங்கள் இருவர். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் அவர், "இதுல அந்தச் சைக்கிள்ல ஏறுவாகளாமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். மூட்டையை இறக்கிவிட்டு அவள் வீட்டுக்குப் போனோம். சுவரிலிருந்து சைக்கிளை எடுத்து வைத்திருந்தாள்.

நான் ஏதோ பளபளவென்று எதிர்பார்த்தேன். அது நீல நிறம். ஜன்னல் வெயில் பட்ட பக்கம் மட்டும் வெளுத்துப்போயிருந்தது. படிக்கத் தெரியாத பாஷையில் ஸ்டிக்கர்கள், பாதி கிழிந்தவை. குழாயில் அங்கங்கே கீறல். அவள் ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு மலைப்பெயர் சொன்னாள். டயர் என் சுண்டு விரல் அகலம். சீட்டு மாவிலை அகலம். ஸ்டாண்டு கிடையாது, பெல் கிடையாது, மட்கார்டு கிடையாது.

கணவர் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். தொழில் புத்தி, எதையும் எடை பார்க்காமல் வாங்க மாட்டார். முகம் மாறிவிட்டது. "உள்ள ஒண்ணுமே இல்லயேம்மா. ஒரு யூரியா மூட்டையில கால்வாசி கூட வராது போலருக்கு."

"அதுதான் அதோட விலை" என்றாள் அவள்.

இவருக்கு அது பிடிபடவில்லை. எடை குறையக் குறைய விலை கூடும் சரக்கை அவர் வாழ்நாளில் விற்றதில்லை. வேறு பக்கமாக வந்தார். "எத்தன கப்பு ஜெயிச்சீக?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணுமே இல்லயா?"

"என் வேலை ஜெயிக்கறது இல்ல. டீமில் ஜெயிக்கறதுக்கு வேற ஆள் உண்டு. அந்த ஆளுக்கு முன்னால போயி காத்தை நான் வாங்கிக்கணும். பின்னால வர்ற காரில் போயி தண்ணி பாட்டில் எடுத்துட்டு வந்து எல்லாருக்கும் கொடுக்கணும்."

கணவர் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். தண்ணீர் கொண்டுபோகிறவர்களுடைய சைக்கிளுக்கா இந்த விலை என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். வாயைத் திறந்து கேட்டுவிடுவாரோ என்று நான் பயந்தேன். நல்ல வேளையாக அவள் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

சைக்கிள் எனக்கு அளவு பொருந்துமா என்று பார்க்க வேண்டுமாம். என்னைச் சுவரோடு நிற்கச் சொல்லி, தடிமனான ஒரு டூரிஸ்ட் கைடு புத்தகத்தைக் கொடுத்து அதை இரண்டு தொடைக்கும் நடுவில் இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பி மிளகுக் கொடியை மிகுந்த அக்கறையோடு ஆராய ஆரம்பித்தார். அவள் தரையிலிருந்து புத்தகம் வரை அளந்து, சீட்டைக் கொஞ்சம் இறக்கி, ஷூவை மாட்டிக்கொள்ளும் அவளுடைய பெடலைக் கழற்றிவிட்டுச் சாதாரணப் பெடல் மாட்டி, "ஓட்டி நோக்கு" என்றாள்.

வீட்டு வாசலிலிருந்து ரோடு வரை ஒரு மண் பாதை. ஏறி மிதித்தேன். இரண்டு மிதி. அதற்குள் அந்தச் சைக்கிள் என்னைப் பாதை முனைக்குக் கொண்டுபோய்விட்டது. பிரேக்கைத் தேடினேன். வழக்கமான இடத்தில் இல்லை. கைப்பிடி ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி கீழே வளைந்து போகிறது, அதன் முன்னால் எங்கோ இருக்கிறது பிரேக்கு. நான் அதைக் கண்டுபிடித்தபோது மிளகுக் கொடிக்குள் இருந்தேன்.

அவள் ஓடி வந்தாள். என்னைத் தூக்கவில்லை. சைக்கிளைத் தூக்கி ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அப்புறம் என்னைப் பார்த்து, "நாளைக்கும் ஓட்டுவீங்களா?" என்று கேட்டாள்.

தலையில் இலையோடு, "ஓட்டுவேன்" என்றேன்.

"அப்போ எடுத்துக்கோங்க. கேரியர் வேண்டா. ஸ்டாண்டு வேண்டா. கூடை வேண்டவே வேண்டா. ஒரு மாசம் கழிஞ்சு நான் வந்து பாக்கும்."

திரும்பி இறங்கும்போது சைக்கிள் சாயாமல் இருக்க நான் பின்னால் வெறும் சாக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்து அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன். முன்னாலிருந்து கணவர் கத்தினார். "வந்து பாப்பாகளாமே. பொண்ணக் கட்டிக் குடுத்துருக்காகளா, சைக்கிள வித்துருக்காகளா?"

புதிதாக எந்த வண்டி வந்தாலும் கோயிலில் பூஜை போடாமல் அவர் ஓட்டவிட மாட்டார். மறுநாள் காலையில் வேலப்பர் கோயில் வாசலுக்குக் கொண்டுபோனோம். பூசாரி மாலையைக் கையில் வைத்துக்கொண்டு சைக்கிளை இரண்டு சுற்று வந்தார். மாலை போட இடமில்லை. கடைசியில் கைப்பிடியின் கொம்பில் மாட்டினார். சந்தனம், குங்குமம் வைத்தார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, "தள்ளுங்கம்மா" என்றார்.

தள்ளினேன். பழம் நசுங்கவில்லை. உருண்டு ஓடியது. எடுத்து வந்து வைத்தார். மறுபடி உருண்டது. பூசாரி என் கணவரைப் பார்த்து, "என்னண்ணே, வண்டியில கனமே இல்லயே" என்றார். இவர், "அதுக்குத்தான் வெலயாம்" என்றார், துக்கத்தோடு.

"ஏறி உக்காந்து மிதிங்கம்மா, நசுங்கிரும்" என்றார் பூசாரி. ஏறினேன். அந்த மெல்லிய டயர் பழத்தின் மேல் ஏறி, வழுக்கி, ஒரு பக்கமாகப் போயிற்று. நான் இன்னொரு பக்கமாகப் போனேன். அந்தப் பக்கம் தேங்காய்த் தட்டோடு பூசாரி நின்றிருந்தார். இரண்டு பேருக்கும் பெரிய அடி இல்லை. தேங்காய் மட்டும் தானாக உடைந்தது. சகுனம் ரொம்ப நல்ல சகுனம் என்று பூசாரி முழங்கையைத் தடவிக்கொண்டே சொன்னார். எலுமிச்சம்பழத்தைக் கடைசியில் என் கணவர் செருப்புக் காலால் மிதித்தார்.

அப்புறம் ஓட்ட ஆரம்பித்தேன். பைபாஸ் ரோட்டை விட்டுவிட்டுச் சுருளிப்பட்டி ரோட்டைப் பிடித்தேன். இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தலும் தென்னந்தோப்பும், காலையில் நல்ல குளிர்ச்சி. முதல் வாரம் எனக்குச் சீட்டைத் தவிர வேறு எதுவும் நினைவில் இல்லை. லேபில் ஒவ்வொரு நோயாளிக்கும் நின்றுகொண்டே ரத்தம் எடுத்தேன். உட்காரச் சொன்னவர்களிடம், நிற்பது உடம்புக்கு நல்லது என்றேன். அவர்களில் சிலர் அதைக் கேட்டுத் தாங்களும் எழுந்து நின்றார்கள்.

ரேஸ் சைக்கிளில் குனிந்துதான் ஓட்ட வேண்டும். சுடிதாரும் ஷூவுமாக, முகத்தைத் தரைக்குக் காட்டிக்கொண்டு நான் போவதைப் பார்த்தவர்களுக்கு வேறு மாதிரி தோன்றியிருக்கிறது. ஒருநாள் தோப்பிலிருந்து வெளியே வந்த ஒரு பெரியவர், "என்னத்தத் தொலச்சிட்டீக தாயி?" என்றார். மூச்சு வாங்கியதில் எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனேன். திரும்பி வரும்போது அவரும் இன்னும் மூன்று பேரும் ரோட்டோரப் புல்லை விலக்கித் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் காதைச் சுட்டிக் காட்டியதாக, அதனால் தோடுதான் தொலைந்தது என்று அவர் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். ஒன்றும் தொலையவில்லை என்று சொன்னேன். நால்வரும் நம்பவில்லை. "கெடச்சா லேபுல குடுத்துர்றோம்" என்று ஆறுதல் சொன்னார்கள்.

நிறுத்தி விசாரிக்கிறவர்கள் தொல்லை மட்டும் ஒழிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் மொபெட் இருக்கிறவர்களிடம் செல்லவில்லை. வாழைத்தார் வியாபாரி ஒருவர் மொபெட்டில் என் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு வந்து, தன் ரிப்போர்ட்டை ஒவ்வொரு வரியாக வாய்விட்டு வாசித்தார். நான் வேகம் கூட்டினால் அவரும் கூட்டினார். பேச மூச்சு இல்லாததால் நல்லதற்குத் தலையை மேலும் கீழும், கெட்டதற்குப் பக்கவாட்டிலும் ஆட்டினேன். சுருளிப்பட்டி வருவதற்குள் அவருடைய ரிப்போர்ட் முழுவதும் முடிந்துவிட்டது. "ஒங்களுக்கு ஏதும் தொந்தரவு இல்லயே?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

ஆனி பிறந்ததும் எங்கள் பள்ளத்தாக்கில் காற்று ஆரம்பித்தது. குமுளிப் பக்கத்து மலை இடைவெளியிலிருந்து புறப்பட்டு வரும் காற்று, வீட்டுக் கதவையெல்லாம் ஆட்டும். சுவரில் சாய்த்து வைத்த சைக்கிளை அது தினமும் தள்ளிவிட்டது. நான் லேபில் இருந்த ஒரு மதியம் என் கணவர் பொறுக்க முடியாமல் சைக்கிளைக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோய் ஒரு ஸ்டாண்டு மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். தடித்த இரும்பு ஸ்டாண்டு. இரண்டு போல்ட்டு வைத்து முறுக்கியிருந்தது. கண்ணேறு படாமல் இருக்கக் கைப்பிடியில் எலுமிச்சை மிளகாயும் தொங்கியது.

"வேண்டாம்னாகளேங்க" என்றேன்.

"அவுக குமுளியில இருக்காக. காத்து இங்கன அடிக்குது" என்றார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை, சொன்னது சொன்னபடி, அவள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். ஸ்டாண்டு போட்டு நிமிர்ந்து நின்றிருந்த சைக்கிளைப் பார்த்தாள். கையை மட்டும் நீட்டி, "ஸ்பேனர்" என்றாள். என் கணவர் ஓடிப்போய் எடுத்து வந்தார்.

கழற்றினாள். ஸ்டாண்டு இருந்த இடத்தில் பெயிண்ட் உரிந்திருந்தது. இது இரும்பு இல்லை, கார்பன், இறுக்கி முறுக்கினால் உள்ளுக்குள் விரிசல் விடும், வெளியே தெரியாது, ஒருநாள் ஓடும்போது இரண்டாகப் போகும் என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து, குழாயை அங்குலம் அங்குலமாகத் தட்டி, காதை வைத்துக் கேட்க ஆரம்பித்தாள். டக், டக், டக். என் கணவர் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி கைகட்டி நின்றார். பாதியில் என்னிடம் குனிந்து, "என்ன சொல்லுறாக?" என்றார். "இன்னும் ரிசல்ட் வரல" என்றேன்.

கடைசியில் அவள் நிமிர்ந்தாள். "ஒண்ணும் ஆகல்ல."

இவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. உடனே உள்ளே போய், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானே காப்பி போடுவதாகச் சொன்னார். அவள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையை எடுக்கவில்லை. கைப்பிடியிலிருந்து எலுமிச்சை மிளகாயை அவிழ்த்து ஜன்னல் கம்பியில் மரியாதையாகக் கட்டினாள். "கொஞ்சம் ஓட்டிப் பாக்கட்டே? பிரேக் நோக்கணும்" என்றாள்.

"தாராளமா" என்றேன்.

துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, காலில் கிடந்த ரப்பர் செருப்போடு ஏறினாள். தெருமுனை வரை பார்த்தேன். அங்கே அவள் அடுத்த தெருவுக்குள் வளைந்தாளே தவிர, வேகம் குறையவில்லை.

காப்பி வந்தது. ஆறியது. "காத்துக்கு எதுத்தாப்புல போயிருப்பாக, நேரமாகும்" என்றார் கணவர். இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. "பஞ்சராயிருக்கும்" என்றார். அவளுக்குப் போன் போட்டோம். வாசலில் நின்ற ஸ்கூட்டரின் பெட்டிக்குள் மணி அடித்தது. இவர் ஸ்கூட்டரைச் சுற்றி வந்து, "வண்டி நம்மகிட்ட நிக்குதுல்ல, எங்கன போயிருவாக?" என்றார். அதற்குப் பிறகு எனக்கும் பயம் வந்துவிட்டது. சைக்கிளைப் பற்றி இல்லை. லாரி போகிற ரோடு, ரப்பர் செருப்பு. இவரைக் குமுளி ரோட்டில் கூடலூர் வரை போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பப் போகும் நேரத்தில், தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

"சேச்சி, கோபப்படாதீங்க. நான் வீட்டுக்கு வந்தாச்சு."

"இங்கன யாரையும் காணோமே."

"உங்க வீட்டுக்கு அல்ல. என் வீட்டுக்கு. குமுளியில்."

போனை ஸ்பீக்கரில் போட்டேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். தெருவைத் தாண்டியதும் எதிர்க்காற்று. எதிர்க்காற்று வந்ததும் பழக்கதோஷத்தில் தலையைக் குனிந்துவிட்டாள். நிமிர்ந்தபோது லோயர் கேம்ப். முதல் வளைவு மட்டும் ஏறித் திரும்பலாம் என்று நினைத்தாளாம். அப்புறம் அடுத்த வளைவு.

என் கணவர் வாசலுக்குப் போய் மலை இருக்கும் பக்கம் பார்த்தார். பிறகு, "அந்த மலையில, செருப்போட" என்றார். சைக்கிளின் மேல் அவருக்கு மரியாதை வந்தது அந்த நிமிஷத்தில்தான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் லேபுக்கு லீவு சொல்லிவிட்டு நான் அவள் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு மேலே போனேன். அவள் முற்றத்தில் முக்காலி போட்டு, வெந்நீர் வாளிக்குள் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சைக்கிள் துடைத்து வைக்கப்பட்டுப் பளிச்சென்று இருந்தது. அவளுடைய கணவர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "நாலு வருஷமாயிட்டு நான் சொல்றேன், ஒரு தடவ ஓட்டுன்னு. கேக்கல்ல. வித்த பிறகு ஓட்டுது" என்றார்.

நான் வரும் வழியெல்லாம் யோசித்து முடிவு செய்திருந்ததைச் சொன்னேன். "நீங்களே வச்சுக்கங்க. எனக்கு வேற பாத்துக்கிருவேன்."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாளியிலிருந்து கால்களை எடுத்துவிட்டாள். "வித்தது வித்ததுதான். நீங்க தினமும் ஓட்டறீங்க. டயரைப் பார்த்தாலே தெரியும். சைக்கிளுக்கு அதுதான் வேணும்."

"ஒங்களுக்கு?"

அவள் ஈரக் காலோடு நடந்துபோய் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டைத் திறந்தாள். டூரிஸ்டுகளுக்கு வாடகைக்கு விடும் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் முன்னால் பெரிய கம்பிக் கூடை, பெல், மட்கார்டு, பின்னால் கேரியர். அதில் ஒன்றை வெளியே இழுத்தாள். அழுத்திப் பார்த்ததில் சீட்டு கீச்சென்றது. "எனக்கு இது மதி. இது போதும்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதில் மலை இறங்கி வந்தாள். அதற்கடுத்த ஞாயிறும் வந்தாள். இப்போது அது வழக்கமாகிவிட்டது. நான் கார்பன் சைக்கிளில், அவள் கூடை வைத்த வாடகைச் சைக்கிளில். அவள்தான் எப்போதும் முன்னால் போவாள். என் முன்சக்கரம் அவளுடைய பின்சக்கரத்துக்கு ஒரு கை தூரத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். அப்படிப் போனால் காற்று முழுவதும் அவள் மேல் அடிக்கிறது, எனக்குப் பின்னாலிருந்து யாரோ தள்ளுவது போல இருக்கிறது. இரண்டு ஞாயிறு நான் கூடையைப் பார்த்துச் சிரித்தேன். மூன்றாவது ஞாயிறு எவ்வளவு மிதித்தும் அந்தக் கேரியரைத் தாண்ட முடியாது என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. வழியில் தோட்டத்தில் நிறுத்தித் திராட்சை வாங்குவாள், உத்தமபாளையம் பக்கம் போனால் கத்திரிக்காய் வாங்குவாள். கூடை நிரம்ப நிரம்ப அவள் வேகம் கூடுகிறதா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

என் கணவர் கடைக்கு வருகிறவர்களிடம் என் ரேஸ் சைக்கிளைக் காட்டுகிறார். லேபிலிருந்து நான் மதியச் சாப்பாட்டுக்கு வரும்போது கடை வாசலில் ஒரு விவசாயி அதைச் சுண்டு விரலில் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். "வெளிநாட்டுல ஓடுன வண்டி" என்பார். யார் ஓட்டினார்கள், என்ன ஜெயித்தது என்று கேட்டால், "அவுகதான் எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போனவுக" என்கிறார். அது பொய்யும் இல்லை.

இந்தத் தை மாதத்தில் ஒரு ஞாயிறு, லோயர் கேம்பில் டீ குடித்து முடித்ததும் அவள் மலையைக் காட்டி, "ஒண்ணு ஏறி நோக்காமோ?" என்றாள். காற்று இல்லாத காலம். டீ உள்ளே போயிருந்த தைரியத்தில் சரி என்றுவிட்டேன்.

முதல் வளைவு வரை பேசிக்கொண்டே போனோம். இரண்டாவது வளைவில் அவள் மட்டும் பேசினாள். அதற்குப் பிறகு அவள் கூடை மட்டும் எனக்கு முன்னால் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. சாக்கு மூட்டை ஏற்றிய ஒரு லாரி உறுமிக்கொண்டு என் பக்கத்தில் வந்தது. அதுவும் என் வேகத்தில்தான் ஏறியது. கிளீனர் வெளியே சாய்ந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "அக்கா, பின்னாடி கயிறு தொங்குது. புடிச்சுக்கங்க. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றான்.

உண்மையைச் சொன்னால், கையை நீட்டிவிட்டேன். அப்போது மேல் வளைவிலிருந்து மலையாளத்தில் ஒரு அதட்டல் வந்தது. கிளீனர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். லாரி புகையை விட்டுவிட்டுப் போயிற்று. இருமிக்கொண்டே அந்த வளைவு வரை மிதித்தேன். அங்கே அவள் ரோட்டோரக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து திராட்சை தின்றுகொண்டிருந்தாள்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கீழே பள்ளத்தாக்கு தெரிந்தது. தென்னை, வயல், பவர் ஹவுசுக்கு இறங்கும் பெரிய குழாய்கள், அப்பால் மங்கலாகக் கூடலூர். கால் இரண்டையும் நீட்டிப் பிடித்துவிட்டுக்கொண்டேன். சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது.

"இனி ஏழு வளைவு இருக்கும்" என்றாள். "போகாமோ?"

"அஞ்சு நிமிசம்."

அவள் திராட்சைக் கொத்தை என் பக்கம் நீட்டினாள். ஐந்து நிமிஷத்துக்குப் பிறகு நான் இன்னொரு ஐந்து நிமிஷம் கேட்டேன். அவள் தன் மகனுடைய பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள், நான் எங்கள் லேபில் புதிதாக வந்திருக்கும் மெஷினைப் பற்றிப் பேசினேன். பஸ்கள் ஏறின, இறங்கின. கொத்து முடிந்து அடுத்த கொத்தையும் எடுத்தோம். வெயில் ஏறிவிட்டது. அவள் எழுந்து கூடையைச் சரிசெய்துகொண்டு மேலே போனாள். மீதி ஏழு வளைவை அவளுக்கே விட்டுவிட்டு நான் பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினேன்.